ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

1957 முதல் 1960 வரை தொழிற்பயிற்சிக்காக இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தங்கியிருந்தேன் என்றும், அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றாலே ரேடியோதான் என்றும் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த முறை பத்தி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிடுகிறேன். மற்ற கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கடைகள் மூடிக் கிடக்கும், ஊரே அடங்கிவிடும் என்கிறீர்கள். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் இரவு வரை ரேடியோவில் என்னதான் கேட்டீர்கள்?

நான் தங்கியிருந்த வீடு, ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டுகளின் தடம் தெருமுனையில் அப்போதும் வெறும் மனையாகக் கிடந்தது. சமையலறை அலமாரியில், பாலும் மாவும் வைக்கும் தட்டுக்கு மேலே, பழுப்பு நிற பேக்கலைட் பெட்டியில், வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் ஒரு ரேடியோ இருந்தது. திருகியதும் பேசாது. உள்ளே இழைகள் சிவந்து சூடேற அரை நிமிடம் ஆகும். முதலில் சூடான தூசியின் மணம் வரும், பிறகு ஒரு மெல்லிய இரைச்சல், அதன் பிறகுதான் குரல்.

பிபிசியிடம் அப்போது மூன்று ஒலிபரப்புகள் இருந்தன. பேச்சு, செய்தி, நாடகம் என்று நிதானமாக நடக்கும் ஹோம் சர்வீஸ். பாட்டும் சிரிப்புமாக லைட் புரோகிராம். சாஸ்திரிய இசைக்கும் கனமான உரைகளுக்கும் மூன்றாவதாகத் தேர்டு புரோகிராம். எங்கள் வீட்டில் தேர்டு பக்கம் முள் போனதாக நினைவில்லை.

காலையில் ஹோம் சர்வீஸ். தேவாலய வழிபாடு, பிறகு பத்திரிகையாளர் அலிஸ்டர் குக் வாசிக்கும் ‘அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம்’. 1946 மார்ச்சில் பதின்மூன்று வாரங்களுக்கு என்று தொடங்கிய அந்த உரை 2004 வரை நீடித்தது. ஒரு மனிதர் கால் மணி நேரம் தனியாகப் பேசுவார். எங்கோ தொடங்கி, சம்பந்தமில்லாத எதையோ சொல்லி, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விடுவார். எனக்கு ஆங்கிலம் காதில் பழகியது பள்ளியில் அல்ல, அவரிடம்தான்.

பன்னிரண்டு மணிக்கு முள் லைட் புரோகிராமுக்கு மாறும். ‘டூ-வே ஃபேமிலி ஃபேவரிட்ஸ்’ என்ற நேயர் விருப்பம். அதைப் பற்றித் தனிக் கேள்வியே வந்திருக்கிறது, அங்கே சொல்கிறேன். ஒன்றரை மணிக்கு ‘வேக்கி-வேக்கி!’ என்று ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். பில்லி காட்டன் என்ற வாத்தியக் குழுத் தலைவர் அவர். 1949 முதல் 1968 வரை அந்தக் கூவல் ஞாயிறு மதிய உணவோடு சேர்ந்த ஒன்றாக இருந்தது. ஒத்திகைக்கு வந்த வாத்தியக்காரர்கள் தூங்கி வழிந்ததைப் பார்த்து அவர் போட்ட சத்தமே நிகழ்ச்சியின் முத்திரையாகிவிட்டது என்று சொல்வார்கள்.

இரண்டு மணிக்குத் தோட்டக்காரர்களின் கேள்வி நேரம். வீட்டுக்காரர் வாடகை நிலத்தில் வெங்காயமும் முட்டைக்கோசும் போட்டிருந்தார். அந்த அரை மணி நேரம் அவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. 1947இல் வட இங்கிலாந்தில் ஒரு ஹோட்டல் கூடத்தில் தொடங்கிய அந்த நிகழ்ச்சி, நான் போய்ச் சேர்ந்த 1957இல்தான் நாடு முழுவதும் ஞாயிறு இரண்டு மணிக்கு வரத் தொடங்கியிருந்தது. ஃபிரெட் லோட்ஸ், பில் சோவர்பட்ஸ், பேராசிரியர் ஆலன் ஜெம்மல் என்று மூவர். முதல் இருவரும் மண்ணில் கை வைத்துக் கற்றவர்கள், மூன்றாமவர் தாவரவியல் படித்தவர். ஒரே பூச்சிக்கு அனுபவம் ஒரு மருந்து சொல்லும், படிப்பு வேறொன்று சொல்லும். இரு தரப்பும் ஒருவரையொருவர் மதித்து வாதிடுவார்கள். கேள்வி-பதில் பத்தி எழுதும் இந்த வயதிலும் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

பிற்பகல் உறக்கம். மாலையில் ‘டவுன் யுவர் வே’: ஃபிராங்க்லின் எங்கெல்மன் ஏதாவது ஓர் ஊருக்குப் போய், அங்கே மணி பழுதுபார்ப்பவர், பேக்கரிக்காரர், மருத்துவச்சி என்று பார்த்துப் பேசி, அவர்களுக்குப் பிடித்த பாட்டைப் போடுவார். இரவு எட்டரைக்கு அரை மணி நேரம் தோத்திரப் பாடல்கள். அதற்குப் பிறகு ‘கிராண்ட் ஹோட்டல்’ என்ற பெயரில் வயலின் இசை. ஈரமான சாம்பல் நிறத் தெருவில், நிலக்கரிக் கணப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பனை மரத் தொட்டிகள் வைத்த பெரிய ஹோட்டல் கூடத்துக்கு அழைத்துப் போகிற நிகழ்ச்சி. ஹோட்டல் என்பது கற்பனை. வாத்தியக்காரர்கள் இருந்தது பிபிசியின் அரங்கில். அது தெரிந்த பிறகும் எனக்கு அந்தக் கூடம் கண்ணில் தெரிந்துகொண்டேதான் இருந்தது.

கேள்வி: அந்த நேயர் விருப்ப நிகழ்ச்சியில் எப்போதும் ஜெர்மனியைப் பற்றியே பேச்சு இருக்கும் என்கிறார் என் தாத்தா. போர் முடிந்த பிறகு ஜெர்மனிக்கும் அவர்களுக்கும் என்ன உறவு?

தாத்தா சொல்வது சரி. போர் முடிந்தும் பிரிட்டிஷ் படை ஜெர்மனியை விட்டு வரவில்லை. முதலில் ஆக்கிரமிப்புப் படையாகவும், பிறகு நேட்டோ அணியின் பகுதியாகவும் அங்கேயே இருந்தது. அதோடு கட்டாய ராணுவ சேவையும் இருந்தது. பதினெட்டு வயதைத் தாண்டிய பையனுக்கு ஒரு நாள் அழைப்புக் கடிதம் வரும். 1950இல் கொரியப் போரின்போது அந்தச் சேவைக் காலத்தை இரண்டு ஆண்டுகளாக்கினார்கள். ஆக, சாதாரணத் தொழிலாளர் தெருக்களில் எத்தனையோ வீடுகளுக்கு ஜெர்மனியில் ஒரு பிள்ளை இருந்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் பாலம் போட்டது இந்த நிகழ்ச்சி. லண்டனில் ஓர் அறிவிப்பாளர். ஜெர்மனியில் ராணுவ வானொலியின் நிலையத்தில் இன்னோர் அறிவிப்பாளர். ஹாம்பர்கில் இருந்த அந்த நிலையம் 1954இல் கொலோன் நகருக்கு மாறியது. இருவரும் தொலைபேசிக் கம்பி வழியே பேசிக்கொள்வதை இரண்டு நாடுகளும் கேட்கும். லண்டனில் ஜீன் மெட்காஃப், ஹாம்பர்கில் கிளிஃப் மிச்செல்மோர் என்று இருவர் அப்படி வாராவாரம் பேசிப் பழகி, 1950இல் திருமணமே செய்துகொண்டார்கள். ‘வித் எ சாங் இன் மை ஹார்ட்’ என்ற முகப்பு இசையின் வயலின்கள் எழுந்தால் மணி பன்னிரண்டு. கடிகாரம் பார்க்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டுக்கார அம்மாளின் ஒரே மகன் ஓஸ்னாப்ரூக்கில் இருந்தான். 1958 கோடையில் அவர் ஒரு தபால் அட்டையில் அவனுடைய பெயர், படைப் பிரிவு, ராணுவத் தபால் எண், தான் கேட்கும் பாட்டு எல்லாவற்றையும் எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். அவருடைய மொழியை நான் சரிபார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிழை எதுவும் இல்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் காத்திருப்பு. வெளியே சொல்லமாட்டார். ஆனால் பன்னிரண்டிலிருந்து ஒன்றேகால் வரை குழாயைத் திறக்கமாட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் பெயர் தவறிவிடுமே. முட்டைக்கோசை முன்னதாகவே கழுவி வைத்துவிடுவார். உருளைக்கிழங்கு தோல் சீவுவது என் வேலை. வீட்டுக்காரர் மதுக்கடைக்குப் போயிருப்பார். ஞாயிறன்று அது பகலில் பன்னிரண்டு முதல் இரண்டு வரைதான் திறந்திருக்கும்.

ஏழாவதோ எட்டாவதோ ஞாயிறு. அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. அவர் தட்டில் ஊறிய கொழுப்போடு மாவைக் கரைத்து கிரேவி கிளறிக்கொண்டிருந்தார். நான்கைந்து பெயர்களை அறிவிப்பாளர் வரிசையாக வாசித்தார், மூன்றாவதாக அவன் பெயர். கரண்டி நின்றது. கோவென்ட்ரியில் அம்மாவும் அப்பாவும், என்று ஒரு வரி. பாட்டு வந்தது, அவர் கேட்ட பாட்டு அல்ல, அந்த நான்கைந்து பேருக்கும் பொதுவாக ஒன்று. அவர் திரும்பவே இல்லை. கிரேவி தட்டின் ஓரத்தில் கட்டி தட்டத் தொடங்கியது.

அப்போது பக்கத்துச் சுவரில் மூன்று தட்டு விழுந்தது. அடுத்த வீட்டிலும் அதே நிகழ்ச்சிதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களும் பெயரைக் கேட்டுவிட்டார்கள். வீட்டுக்கார அம்மாள் கரண்டிக் காம்பால் திரும்ப மூன்று முறை தட்டினார். மறுபக்கத்து வீட்டுச் சுவரிலும் சத்தம் கேட்டது. அதற்கும் தட்டினார்.

இரண்டு மணி சுமாருக்கு வீட்டுக்காரர் வந்தார். மதுக்கடையில் இரைச்சல், அவருக்கு எதுவும் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றாமலே நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பெயரைச் சரியாக உச்சரித்தார்களா?”

நான் அன்று இரவு என் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். ஊருக்குத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத காலம். அம்மாவின் குரலைக் கேட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. படையில் இருப்பவர்களுக்கான நிகழ்ச்சியில் என் பெயர் வர வழியில்லை. ஆனாலும் அந்தச் சுவர்த் தட்டலில் எனக்கும் பங்கு இருந்ததாகவே இன்றும் நினைக்கிறேன்.

கேள்வி: போருக்கு முன்பு பிபிசி ஞாயிற்றுக்கிழமைகளில் கேளிக்கையே போடாது என்று படித்தேன். எப்படி மாறியது?

முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத் ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் மகன். ஞாயிறு ஓய்வுக்கும் வழிபாட்டுக்குமான நாள் என்பது அவருடைய உறுதி. காலையில் வழிபாடு, பிறகு நீண்ட மௌனம், அதன் பின் கனமான இசை, பிரசங்கம். அவர் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆறு நாள் தொழிற்சாலையில் நின்றவன் ஏழாம் நாள் கொஞ்சம் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டால் அதைக் குற்றமாக்கக் கூடாது. மக்கள் பேசாமல் முள்ளைத் திருப்பினார்கள். லக்சம்பர்க், நார்மண்டி ஆகிய வெளிநாட்டு நிலையங்கள் விளம்பரதாரர் பணத்தில் ஆங்கிலப் பாட்டும் கூத்தும் ஒலிபரப்பின. ஓவல்டின் பானத்துக்காக நடந்த சிறுவர் நிகழ்ச்சிக்கு ஞாயிறு மாலை பிள்ளைகள் தவம் கிடந்தார்கள்.

மாற்றியது போர். 1940 தொடக்கத்தில் பிரான்சில் குளிரில் முடங்கிக் கிடந்த படையினருக்காக ஒரு தனி ஒலிபரப்பு தொடங்கியது. பாசறையில் ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். படைவீரனுக்குப் பிரசங்கம் மட்டும் போட்டால் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான். படையினருக்கென்று போட்டதை வீட்டில் இருந்தவர்களும் கேட்டுப் பழகினார்கள். போர் முடிந்ததும் அதைப் பறிக்க முடியுமா? அதன் வாரிசாக லைட் புரோகிராம் 1945 ஜூலை 29 அன்று தொடங்கியது. நாள்காட்டியைப் பார்த்தால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறு ஆண்டு செப்டம்பர் 29இல் தேர்டு புரோகிராம் தொடங்கியதும் ஞாயிறுதான்.

கேள்வி: ரேடியோ லக்சம்பர்க் இரவில் அலை அலையாக மங்கி மங்கி வரும் என்கிறார்களே, ஏன்?

என் தொழில் சார்ந்த கேள்வி, மகிழ்ச்சியோடு சொல்கிறேன். 1951 முதல் லக்சம்பர்கின் ஆங்கில ஒலிபரப்பு மத்திய அலையில் 208 மீட்டர் அலைநீளத்தில் வந்தது. மத்திய அலை தரையை ஒட்டிப் போனால் அவ்வளவு தொலைவு வலுவோடு போகாது. வானத்தை நோக்கிப் போகிற அலையைப் பகலில் அயனி மண்டலத்தின், அதாவது உயரே மின்னேற்றம் பெற்ற காற்று மண்டலத்தின், கீழ் அடுக்கு விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, மேல் அடுக்கில் பட்டு அலை திரும்பித் தரைக்கு வரும். அதனால்தான் இரவில் மட்டும் கேட்கும். ஆனால் மேல் அடுக்கு கண்ணாடி போல் அசையாமல் நிற்பதில்லை. வெவ்வேறு வழியில் வந்து சேரும் அலைகள் ஒரு கணம் ஒன்றுக்கொன்று துணை நிற்கும், மறு கணம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாட்டு ஏறி இறங்குவது அதனால்தான்.

ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அங்கே ‘டாப் ட்வென்டி’. 1948இல் தொடங்கியபோது, விற்ற இசைத்தட்டுகளை அல்ல, விற்ற இசைக்குறிப்புத் தாள்களை எண்ணித்தான் பாட்டுகளை வரிசைப்படுத்தினார்கள். வீடுகளில் பியானோ இருந்த காலம்! நானே பூட்டிய ஒற்றை வால்வு ரேடியோவில், ஜன்னல் வழியே ஏரியல் கம்பியை விட்டு, ஹெட்ஃபோனில் கேட்பேன். முதலிடத்துப் பாட்டு தொடங்கும்போதுதான் சரியாக மங்கும். மூச்சைப் பிடித்துக் காத்திருந்தால் பாதிப் பாட்டில் திரும்பி வரும்.

கேள்வி: பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர் ரேடியோவில் வந்தாராமே! உண்மையா?

உண்மை. பீட்டர் பிரஃப் என்பவரும் ஆர்ச்சி ஆண்ட்ரூஸ் என்ற பொம்மையும், 1950 முதல். உதடு அசைவது தெரிகிறதா என்பது ரேடியோவில் கேள்வியே இல்லை. அந்தப் பையனின் குரல் தனி ஆளாக நிற்கிறதா என்பது மட்டுமே கேள்வி. நின்றது. பொம்மை என்பதே மறந்துபோகும்.

கேள்வி: இத்தனை நிகழ்ச்சி இருந்தும் ஞாயிறு சலிப்பாக இருந்தது என்று அந்தக் காலத்தவர்கள் எழுதுகிறார்களே?

சலிப்பு இருந்தது, மறைக்க மாட்டேன். பிற்பகல் மூன்று மணிக்கு மழை பெய்தால் போக இடமில்லை. 1958 ஏப்ரல் 22இல் டோனி ஹான்காக்கின் அரை மணி நேர நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்று முழுக்க முழுக்க இதைப் பற்றியதுதான்: ஒன்றும் நடக்காத ஒரு ஞாயிறு பிற்பகல். பெருமூச்சு, மணி என்ன என்ற கேள்வி, நீண்ட மௌனம். ரேடியோவில் மௌனத்தைப் போட்டு சிரிக்கவைத்தார்கள். எங்கள் வீட்டில் மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

கேள்வி: ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் கட்ட வேண்டுமா?

வேண்டும். 1922இல் தொடங்கியபோது பத்து ஷில்லிங், அதாவது அரை பவுண்டு. 1946 ஜூனில் ஒரு பவுண்டு ஆனது. நான் இருந்த காலம் முழுவதும் அதுதான். தபால் நிலையத்தில் கட்டலாம். 1971இல் ரேடியோவுக்கான தனி லைசென்ஸை எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: பழுதானால் நீங்களே சரிசெய்வீர்களா?

ஒரு முறை ஞாயிறு பதினொன்றரைக்குச் சட்டென்று அணைந்துவிட்டது. அந்த வகை ரேடியோவில் வால்வுகளின் சூடேற்றும் இழைகளை மாலை கோத்தது போல் ஒரே தொடராக இணைத்திருப்பார்கள். ஒன்று அறுந்தால் அத்தனையும் இருண்டுவிடும். எது அறுந்தது என்று மீட்டர் வைத்துப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் மாற்று வால்வு வாங்கக் கடை இல்லையே, ஞாயிறாயிற்றே! வீட்டுக்கார அம்மாள் அடுத்த வீட்டுச் சுவரைத் தட்டி, கதவருகே நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். பன்னிரண்டு மணிக்கு அவர்கள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள். வயலின்கள் செங்கல்லைத் தாண்டி வந்தன. அன்று முழுவதும் சுவர் ஓரமாக நாற்காலி போட்டுத்தான் உருளைக்கிழங்கு சீவினேன்.

கேள்வி: அங்கே இருந்த காலத்தில் வானொலியில் தமிழ் கேட்டதுண்டா?

இல்லை. லண்டனிலிருந்து பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3 முதல் நடந்துவந்தது. அதற்குத் ‘தமிழோசை’ என்ற அழகான பெயரை வைத்தவர் சோ. சிவபாதசுந்தரம். ஆனால் அது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சிற்றலையில் அனுப்பப்பட்டது. வீட்டுக்கார அம்மாளின் ரேடியோவில் நீண்ட அலையும் மத்திய அலையும் மட்டுமே. என் ஒற்றை வால்வும் சிற்றலைக்கு ஆனதல்ல. லண்டனில் பேசிய தமிழை என் அம்மா ஊரில் கேட்டார். நூறு மைல் தொலைவில் இருந்த நான் கேட்கவில்லை. பிரிட்டனில் குடியேறியவர்களுக்கென்று பிபிசி ஞாயிறு காலையில் இந்தி-உருது நிகழ்ச்சி தொடங்கியது 1965 அக்டோபரில். நான் திரும்பி ஐந்து வருடம் ஆகிவிட்டிருந்தது.

கேள்வி: அந்த ஞாயிறுகள் எப்போது முடிந்தன? அந்த ரேடியோ என்ன ஆயிற்று?

1967 செப்டம்பர் 30இல் பிபிசி தன் ஒலிபரப்புகளுக்குப் புதிய பெயர் சூட்டியது. லைட் புரோகிராம் போய் ரேடியோ 1, ரேடியோ 2 என்று ஆனது. மறுநாள் ஞாயிறு, நேயர் விருப்பம் இரண்டிலும் சேர்ந்தே ஒலித்தது. பில்லி காட்டன் நிகழ்ச்சி அடுத்த ஆண்டோடு நின்றது. நேயர் விருப்பம் மட்டும் 1980 வரை தாக்குப்பிடித்தது.

நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, ஒரு முழு வால்வுத் தொகுதியை வாங்கி, எது எந்தக் குழியில் போகும் என்று படம் வரைந்து, பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கார அம்மாளிடமிருந்து ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் அட்டை வரும். 1967இல் வந்ததில் மகனுக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்த செய்தியை எழுதிவிட்டு, கீழே இடம் போதாமல் ஓரத்தில் சரித்து எழுதியிருந்தார்: ரேடியோ வேலை செய்கிறது, பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனால் முள்ளை நகர்த்தத் தேவைப்படவில்லை, ‘லைட்’ என்று அச்சிட்ட எழுத்தின் மேலேயே நிற்கிறது, 1500 மீட்டரில்.